பகிர்வு சைக்கிள்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிப் புளோக்குகளுக்குக் கீழேயும் பச்சையும் நீலமுமாக நிற்கும் வாடகை சைக்கிள்களைப் பற்றி இங்கே கருத்து இல்லாத ஆளே கிடையாது. "நல்ல வசதி" என்பவர்களும் உண்டு, "இந்தச் சனியனை முதலில் அள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள்" என்பவர்களும் உண்டு. கோப்பிக்கடையிலும் குடியிருப்பாளர் கூட்டத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். நான் இந்தச் சைக்கிளை ஓட்டுகிறவன், இது நம் ஊரில் நிலைத்து நிற்க வேண்டும் என்று விரும்புகிறவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது?

கைப்பேசியில் நிறுவனத்தின் செயலியை இறக்கிக்கொண்டு, சைக்கிளில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். போக வேண்டிய இடத்துக்குப் போய், தரையில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள்ளோ சைக்கிள் நிறுத்துமிடத்திலோ வண்டியை நிறுத்திப் பூட்ட வேண்டும். அங்கே பலகையில் இருக்கும் இன்னொரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பயணம் முடிந்தது. அரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தினமும் ஓட்டுகிறவர்கள் மாதச் சீட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

மற்ற நாடுகளில் தனி நிலையம் கட்டி, அதில் மாட்டி வைக்கிறார்களே. இங்கே ஏன் அப்படிச் செய்யவில்லை?

செய்யத்தான் நினைத்தார்கள். பாரிசில் 2007லும் லண்டனில் 2010லும் அப்படித்தான் தொடங்கினார்கள். இங்கேயும் ஜூரோங் ஏரி வட்டாரத்தில் நிலையங்கள் அமைத்து நடத்த நிலப் போக்குவரத்து ஆணையம் 2016ல் ஏலக்குத்தகைக்கு அழைப்பு விட்டது. அதற்குள் 2017 தொடக்கத்தில் ஓபைக், ஓஃபோ, மோபைக் என்று வரிசையாகத் தனியார் நிறுவனங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு நிலையமே வேண்டாம், பூட்டு வண்டியிலேயே இருக்கிறது. அரசாங்கத்துக்கும் செலவில்லை. சரி, இதுவே போதும் என்று 2017 மார்ச்சில் ஜூரோங் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

பின்னால் வந்த சச்சரவுகளுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். நிலையம் கட்டினால் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். நிலையம் வேண்டாம் என்றதும், இத்தனை ஆயிரம் வண்டிகள் எங்கே நிற்கும் என்ற கேள்வியையும் சேர்த்தே தள்ளிப்போட்டுவிட்டோம்.

2017, 2018ல் மக்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?

அந்த நாள்களில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்தூக்கி வாசலில் சைக்கிள், மாடிப்படியின் கீழே சைக்கிள், பேருந்து நிறுத்தத்தில் இருக்கைக்கு முன்னால் சைக்கிள். மழைநீர்க் கால்வாயில் தலைகீழாகக் கிடந்த வண்டிகளின் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. வீவக உயரமாடியிலிருந்து சைக்கிளைத் தூக்கிக் கீழே எறிந்த காணொளியும் வந்தது. ஆள் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காவல்துறை வரை போன விஷயம் அது.

உச்சத்தில் தீவு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பகிர்வு சைக்கிள்கள் இருந்தன. நிறுவனங்களுக்குள் போட்டி. எதிராளியின் வண்டியைவிட நம் வண்டி கண்ணில் பட வேண்டும் என்று லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓட்ட ஆள் இருக்கிறதா, பழுது பார்க்க ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வழியில்லாமல் போனது, பார்வையற்றவர்கள் வழிகாட்டிக் கோடுகளின் மேலேயே வண்டியில் இடித்துக்கொண்டார்கள். கோபம் நியாயமானது. சைக்கிளை ஆதரிக்கிறேன் என்பதற்காக அதை நான் மழுப்ப மாட்டேன்.

ஆனால் அந்தக் கோபத்தோடு இன்னொரு பேச்சும் கலந்து வந்தது: "சிங்கப்பூரர்களுக்குப் பொறுப்புணர்வு இல்லை." இதை நான் ஏற்கவில்லை. நிறுத்த இடமே காட்டாமல், "எங்கே வேண்டுமானாலும் விட்டுச் செல்லுங்கள்" என்றுதான் நிறுவனங்களே விளம்பரம் செய்தன. விட்டுச் சென்றவர்களில் பலர் சொன்னதைத்தான் செய்தார்கள்.

ஓபைக் விவகாரத்தில் முன்பணம் போனவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததா?

பெரும்பாலோருக்கு இல்லை. ஓபைக் சிங்கப்பூரில் பிறந்த நிறுவனம். சேரும்போது 49 வெள்ளி முன்பணம், கேட்டால் திருப்பித் தருவோம் என்றார்கள். 2018 ஜூன் 25ஆம் தேதி திடீரென்று சேவையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். பயனீட்டாளர்களுக்குத் தர வேண்டிய முன்பணம் மட்டும் 63 லட்சம் வெள்ளி என்று பிறகு தெரிந்தது. அந்தப் பணம் தனிக் கணக்கில் பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

49 வெள்ளி பலருக்குச் சின்னத் தொகை, ஒரு பயனீட்டாளர் சங்கப் புகாரோடு போய்விடும். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்பும் ஊழியருக்கு அது சின்னத் தொகை இல்லை. "சைக்கிள் கம்பெனியா? வேண்டாம் தம்பி" என்று இன்றைக்கும் சிலர் ஒதுங்கிப் போவதற்கு இதுவே காரணம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் யோசனை: எந்த நிறுவனமானாலும் மாதத்துக்கு மேல் நீண்ட சீட்டு வாங்காதீர்கள். செயலியில் பெரிய தொகையை ஏற்றி வைக்காதீர்கள்.

இந்தக் குழப்பங்களால் என்ன மாறியது?

சட்டம் மாறியது. ஓபைக் மூடுவதற்கு முன்பே, 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் வாகன நிறுத்தச் சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் உரிமம் இல்லாமல் யாரும் பகிர்வு சைக்கிள் நடத்த முடியாது. எத்தனை வண்டி இறக்கலாம் என்பதை ஆணையம் தீர்மானிக்கும். இருக்கிற வண்டிகளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால்தான் எண்ணிக்கையை உயர்த்தும். நிபந்தனையை மீறினால் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம்.

ஓட்டுகிறவர் பக்கம் வந்த மாற்றம் 2019 ஜனவரியில் வந்த கியூஆர் விதி. நிறுத்துமிடத்தின் குறியீட்டை ஸ்கேன் செய்யாமல் பயணத்தை முடித்தால் ஐந்து வெள்ளி கூடுதல் கட்டணம். ஓராண்டில் மூன்று முறை கண்ட இடத்தில் விட்டுப் போனால், எல்லா நிறுவனத்தின் சைக்கிளையும் ஒரு மாதம் எடுக்க முடியாது.

ஒரு வெள்ளிப் பயணத்துக்கு ஐந்து வெள்ளி தண்டம் என்றால் யாருக்கும் உறைக்கும். என் புளோக் அருகே ஒரு நாள் மாலை, பள்ளிச் சீருடையில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்த வந்தான். கட்டம் நிரம்பியிருந்தது. ஏற்கெனவே சாய்ந்து கிடந்த இரண்டு வண்டிகளைத் தூக்கி நிமிர்த்தி, கைப்பிடிகள் சிக்காமல் ஒன்றை இடமும் ஒன்றை வலமுமாகத் திருப்பி, நடுவில் தன் வண்டியைச் செருகினான். பலகையின் குறியீட்டில் யாரோ கீறி வைத்திருந்ததால் கைப்பேசியை மேலும் கீழும் ஆட்டி, ஸ்கேன் ஆன சத்தம் கேட்ட பிறகுதான் பையை மாட்டிக்கொண்டு நடந்தான். யாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2017ல் "பொறுப்பில்லை" என்று திட்டு வாங்கிய அதே ஊர்தான் இது.

இப்போது நடத்துகிறவர்கள் யார்? பழைய நிறுவனங்கள் என்ன ஆயின?

ஓஃபோவின் உரிமம் 2019ல் ரத்தானது. மோபைக்கும் அதே ஆண்டு விலகியது, அதன் வண்டிகளை எஸ்ஜி பைக் வாங்கிக்கொண்டது. எஸ்ஜி பைக்கும் 2023 முடிவில் மூடிவிட்டது. பச்சை வண்டி எனிவீல். சோதனை உரிமத்தில் ஆயிரம் வண்டியோடு தொடங்கி 2024க்குள் 35,000 வண்டி வரை அனுமதி பெற்றது. நீல வண்டி ஹலோரைட், 2022ல் அதுவும் ஆயிரம் வண்டியோடுதான் வந்தது.

இன்னமும் சைக்கிள்கள் கண்ட இடத்தில் கிடக்கின்றனவே?

கிடக்கின்றன. ஆனால் எங்கே, எப்போது என்று பாருங்கள். பொங்கோல், செங்காங், தெம்பனிஸ் போன்ற பெரிய பேட்டைகளில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள்: வீட்டிலிருந்து எம்ஆர்டிக்கு. ஏழரைக்கே நிலையத்துக் கட்டம் நிரம்பிவிடும். எட்டு மணிக்கு வருகிறவர் என்ன செய்வார்? ரயில் நிற்காது, முதலாளியும் பொறுக்க மாட்டார். ஸ்கேன் செய்துவிட்டு, கோட்டை ஒட்டி வெளியே விட்டுவிட்டு ஓடுகிறார். அதே நேரம் புளோக்குக் கீழே கட்டம் காலி, அங்கே ஒருவர் சைக்கிள் இல்லாமல் செயலியைப் பார்த்தபடி நிற்கிறார். மாலையில் இதெல்லாம் தலைகீழ்.

ஆக "இத்தனை சைக்கிள் எதற்கு?" என்ற புகாரும் "தேவைப்படும்போது ஒன்றுகூட இல்லை" என்ற புகாரும் ஒரே வண்டியைப் பற்றியவைதான். இரண்டுமே உண்மை. நிறுவனம் லாரி வைத்து நிலையத்திலிருந்து அள்ளிக்கொண்டு போய்ப் புளோக்குகளில் இறக்க வேண்டும். அதைச் சரியான நேரத்தில் செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், கட்டணமோ அரை மணிக்கு ஒரு வெள்ளி.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். நிலைய வாசலில் நிறுத்துமிடம் போதவில்லை. எம்ஆர்டிக்குப் பக்கத்திலேயே கார்களுக்குப் பல மாடியில் நிறுத்துமிடம் கட்டியிருக்கிறோம், அதை யாரும் ஊருக்கு அசிங்கம் என்று சொல்வதில்லை. ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தின் முதல் வரிசையில் சில இடங்களைச் சைக்கிளுக்கு விட்டுக்கொடுத்தாலே காலைப் புகாரில் பெரும்பகுதி அடங்கும். எங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் "அப்போ நான் காரை எங்கே விடுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சைக்கிள் ஓட்டுகிறவர் அதே கேள்வியைக் கேட்டால் மட்டும் அது ஒழுக்கப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

யார்தான் இதை ஓட்டுகிறார்கள்? எல்லாம் விளையாட்டுக்குத்தானே?

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா பக்கம் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாருங்கள். முதல் பேருந்து வருவதற்கு முன்னால் வேலைக்குப் போக வேண்டிய துப்புரவு ஊழியர்கள், உணவங்காடியில் அடுப்பு மூட்டப் போகிறவர்கள், இரவு வேலை முடிந்து திரும்பும் பாதுகாவலர்கள். பிற்பகலில் பள்ளிப் பிள்ளைகள். துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கம் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தமிழ்நாட்டு ஊழியர்களுக்கு, விடுதியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கோ கடைக்கோ போவதே நீண்ட நடை. புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் சைக்கிளிலேயே வளர்ந்தவர்கள் அவர்கள், வண்டி கிடைத்தால் ஓட்டுகிறார்கள். முன்கூடையில் காய்கறிப் பையும் அரிசி மூட்டையுமாக அவர்கள் விடுதிக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

பொதுமக்கள் கருத்து என்று நாம் சொல்வதில் இவர்கள் குரல் மிகக் குறைவு. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதும், நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் போய் உட்காருவதும் பெரும்பாலும் சைக்கிளைப் பார்க்கிறவர்கள். அன்றாடம் அதை நம்பி ஓட்டுகிறவர்களுக்கு அதற்கு நேரம் இல்லை. வெளிநாட்டு ஊழியருக்கு இங்கே வாக்குரிமையும் இல்லை. கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், சிறிய காருக்கே 2023ல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊர் இது. இங்கே அரை மணிக்கு ஒரு வெள்ளியில் கிடைக்கும் வண்டியைப் பற்றி முடிவெடுக்கும்போது, அதை ஓட்டுகிறவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடைபாதையில் வேகமாக வருகிறார்கள், வயதானவர்களுக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு என்ன விதி?

நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர். 2025 ஜூலையிலிருந்து, பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும்தான். சாலையில் இறங்கி ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம், பாதையில் கட்டாயமில்லை.

விதி நல்ல விதிதான். ஆனால் பழைய பேட்டைகள் பலவற்றில் சைக்கிள் பாதையே இன்னும் முழுதாக வரவில்லை. பாதைக் கட்டமைப்பை 2030க்குள் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டராக்குவது அரசாங்கத்தின் திட்டம். அதுவரை பாட்டியும் பள்ளிப் பையனும் ஒன்றரை மீட்டர் நடைபாதையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் சைக்கிள்காரர்தான், அதில் இரண்டு பேச்சில்லை. மின்தூக்கித் தளம், பேருந்து நிறுத்தம், கோப்பிக்கடை வாசல் ஆகிய மூன்று இடத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டே நெருங்காதீர்கள், வயதானவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் வண்டிக்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள்.

சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

இடமிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நல்லதுதான். மூவறை வீட்டில் நான்கு பேருக்கு நான்கு சைக்கிளை எங்கே வைப்பது? வெளி நடைவழியில் வைத்தால் தீப்பாதுகாப்பு விதி இடிக்கிறது. இன்னொன்று, பகிர்வு சைக்கிளை ஒரு வழிக்கு மட்டும் எடுக்கலாம். காலையில் ஓட்டிப் போய், மாலை மழை பிடித்துக்கொண்டால் பேருந்தில் திரும்பலாம்.

சிலர் தனிப்பூட்டு போட்டுத் தமக்கென்று வைத்துக்கொள்கிறார்களே?

அது திருட்டு. அடுத்தவர் வேலைக்குப் போக வேண்டிய வண்டி அது. பார்த்தால் நிறுவனத்துக்கு வண்டி எண்ணோடு தெரியப்படுத்துங்கள்.

அரசாங்கமே எடுத்து நடத்தினால் என்ன?

இந்தக் கேள்வியில் எனக்குப் பாதி உடன்பாடு. இத்தனை ஆண்டில் இத்தனை நிறுவனங்கள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்று மூடும்போதும் ஓட்டுகிறவர் புதுச் செயலி, புதுச் சீட்டு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பேருந்தில் இப்படி நடப்பதில்லை. பேருந்தைத் தனியார் ஓட்டினாலும் வண்டியும் பணிமனையும் அரசாங்கத்துடையவை, குத்தகைக்காரர் மாறினாலும் உங்கள் 67ஆம் எண் பேருந்து வந்துவிடும். சைக்கிளையும் பொதுப் போக்குவரத்தின் பகுதி என்று ஏற்றுக்கொண்டால் அப்படியொரு ஏற்பாட்டை யோசிக்கலாம். குறைந்தபட்சம், பேருந்துக்கும் ரயிலுக்கும் தட்டும் அதே அட்டையில் சைக்கிளும் திறந்தால், கைப்பேசிச் செயலியோடு மல்லுக்கட்ட முடியாத மூத்தவர்களுக்குப் பெரிய உதவி. பணம் போட வேண்டுமே என்பார்கள். ஆமாம், போடத்தான் வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இருக்கை முழங்கால் லேசாக மடங்கும் உயரத்தில் இருக்கட்டும். பலர் அதை ஏற்றாமலே ஓட்டி, முட்டி வலிக்கிறது என்று வண்டியைக் குறை சொல்கிறார்கள். மழைக்குப் பிறகு பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் எடுக்கும். கூடையில் யாரோ விட்டுப் போன பபிள் டீ கோப்பை இருந்தால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள்.

வழியை மறித்துக் கிடக்கும் வண்டியைப் பற்றி யாரிடம் சொல்வது?

ஒன்சர்விஸ் என்ற அரசாங்கப் புகார்ச் செயலியில் புகார் செய்யலாம், உரிய அமைப்புக்கு அது போய்ச் சேரும். அந்த நிறுவனத்தின் செயலியிலும் சொல்லலாம். வண்டி எண் தெரியும்படி ஒரு படம், புளோக் எண்ணும் சுற்றுப்புறமும் தெரியும்படி இன்னொரு படம் அனுப்புங்கள். "புளோக்குக் கீழே சைக்கிள் கிடக்கிறது" என்று மட்டும் எழுதினால் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே இடத்தில் தினமும் குவிகிறது என்றால், அங்கே மஞ்சள் கட்டம் எத்தனை இருக்கிறது, எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்பதையும் சேர்த்து எழுதி, கூடுதல் கட்டம் கேளுங்கள். கேட்டால் கோடு போடுகிறார்கள், எங்கள் பேட்டையில் போட்டார்கள்.